நீர் மாத்திரை உண்மையில் எதை வெளியேற்றுகிறது? (அம்மாவின் கால் வீக்கத்தை முன்னிட்டு ஒரு கேள்வி)

யாங்கோன் மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 68. ஏழு ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரை எடுத்துவருகிறார். அழுத்தம் கட்டுக்குள் வரவில்லை என்று சென்ற ஆண்டு அளவை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக உயர்த்தினார்கள். இரண்டு மாதத்துக்குள் இரண்டு கால்களும் வீங்கத் தொடங்கின. மாலையில் செருப்பின் வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரியும். கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அது நிரம்ப வெகுநேரம் ஆகும்.

எங்கள் தெருப்பக்கம் ஒரு மருந்துக்கடையில் காலைக் காட்டியவுடன், நீர் கோத்திருக்கிறது, நீர் மாத்திரை போட்டால் வடிந்துவிடும் என்று ஃபுரோசமைடு 40 மில்லிகிராம் அட்டைகளைக் கொடுத்துவிட்டார்கள். அம்மாவும் நாள்தோறும் காலையில் ஒன்று என்று மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். மதியம் வரை கழிப்பறைக்கு நடந்தபடியே இருந்தார். வீக்கமோ பெரிதாக வடியவில்லை. இரவில் கெண்டைக்காலில் நரம்பு இழுத்துக்கொண்டு தூக்கத்திலிருந்து எழுந்து அழுவார். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் கும்பிட்டு எழுந்தவர் கண் இருட்டிக் கீழே விழுந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றும் ஆகாதது அம்மன் அருள். இரத்தம் எடுத்துப் பார்த்தபோது பொட்டாசியம் 2.9 என்று வந்தது.

மருத்துவர் ஃபுரோசமைடை நிறுத்தினார். அம்லோடிபினைப் பழைய 5 மில்லிகிராமுக்குக் குறைத்து, லோசார்டன் சேர்த்தார். பொட்டாசியம் சரியான பிறகு, இப்போது ஹைட்ரோகுளோரோதையசைடு 12.5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவும் நீர் மாத்திரைதான் என்கிறார்கள். ஒரு நீர் மாத்திரையால் விழுந்தவருக்கு இன்னொரு நீர் மாத்திரை எதற்கு? அம்மா அதைத் தொடவே அஞ்சுகிறார். விவரம் தெரிந்தவர்கள் சற்று விளக்கமாகச் சொன்னால் அவரிடம் எடுத்துச் சொல்வேன்.

மௌலமியான் ஓய்வுபெற்ற மருத்துவர் எழுதியது:

உங்கள் அம்மா அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. எனவே சுருக்கிச் சொல்லாமல் முழுமையாகவே எழுதுகிறேன்.

பெயரிலிருந்து தொடங்குவோம். நீர் மாத்திரை என்று சொல்லிப் பழகிவிட்டோமே தவிர, நாம் அன்றாடம் தரும் இந்த மாத்திரைகள் நேரடியாக வெளியேற்றுவது உப்பைத்தான். உப்பு போகும் வழியே நீரும் போகிறது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமாக விளங்கிவிடும்.

நம்முடைய இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதனோடு ஒன்றரை கிலோவை ஒட்டிய உப்பும் வடிந்து வருகிறது. நம் பர்மியச் சந்தைக் கணக்கில் ஒரு வீசைக்கு (ஏறத்தாழ 1.6 கிலோ) சற்றுக் குறைவு. அத்தனையும் வெளியே போனால் ஒரு பொழுதுகூட உயிர் தங்காது. ஆகவே சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் வடிந்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கைத் திரும்ப உறிஞ்சி இரத்தத்திடமே ஒப்படைக்கின்றன; மிஞ்சும் ஒன்றரை லிட்டரை ஒட்டியதுதான் சிறுநீர். உப்பைத் திரும்ப எடுக்கும் இந்த வேலை குழாயின் முதற்பகுதியில் ஏறத்தாழ 65 விழுக்காடும், கொண்டை ஊசிபோல் வளைந்து திரும்பும் அடுத்த பகுதியில் 25 விழுக்காடும், அதற்கடுத்த சிறு பகுதியில் 5 விழுக்காடும், கடைசிப் பகுதியில் எஞ்சிய சிறு பங்குமாக நடக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் உப்பை உள்ளே இழுக்கத் தனித்தனி வாசல் உண்டு. எந்த வாசலை அடைக்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு மாத்திரைக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு.

ஃபுரோசமைடு 25 விழுக்காட்டு வாசலை அடைப்பது. பெரிய மடையைத் திறந்துவிட்டதுபோல் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடும். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் தேங்கி மூச்சுவிட முடியாமல் வருகிறவர்களுக்கு இது உயிர் காக்கும் மருந்து; நான் பணியிலிருந்த காலத்தில் ஊசியாகப் போட்ட அரை மணியில் மனிதர் தலையணையில் சாய்ந்து படுக்கும் நிலைக்கு வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு ஆகியவை 5 விழுக்காட்டு வாசலை அடைப்பவை. இவற்றின் வேகம் குறைவு, ஆனால் நாள் முழுவதும் நிலைத்து நிற்கும். நாள்பட்ட இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களிடம் இந்த மெதுவான வகையே ஏற்றது. ஃபுரோசமைடு அங்கே சரிப்படாததற்குக் காரணம், அதன் ஆறு மணி நேரம் முடிந்ததும் இழந்த உப்பை மீட்கச் சிறுநீரகம் முழு மூச்சாக இறங்குவதுதான். பகலில் வெளியேற்றிய உப்பை இரவுச் சாப்பாட்டிலிருந்து திரும்பப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இனி பொட்டாசியத்துக்கு வருவோம். மேலே வாசல் அடைபட்டதால் தப்பித்து வந்த உப்பு, குழாயின் கடைசிப் பகுதியில் வழக்கத்தைவிட அதிகமாக வந்து சேர்கிறது. அங்கே ஆல்டோஸ்டீரோன் என்னும் சுரப்பின் கட்டளைப்படி சோடியம் உள்ளே எடுக்கப்பட, அதற்கு ஈடாகப் பொட்டாசியம் வெளியே தள்ளப்படுகிறது. இப்படி மூன்று வாரம் போனதன் அடையாளம்தான் உங்கள் அம்மாவின் 2.9. வழக்கமான அளவு 3.5 முதல் 5 வரை. தசை இழுப்பு அதன் வெளி அறிகுறி. எனக்கு அச்சம் தருவது கண்ணுக்குத் தெரியாத இதயத் துடிப்புக் கோளாறு. எனவே விழுந்தது ஒருவகையில் எச்சரிக்கையாக அமைந்தது.

மிக முக்கியமான செய்தி இதுதான்: அம்மாவின் வீக்கம் உடலில் உப்பும் நீரும் மிகுந்ததால் வந்ததன்று. அம்லோடிபின் நுண்தமனிகளை விரிக்கிறது; அதற்கு ஈடாகச் சிரைப்பக்கம் விரிவதில்லை. வரத்து கூடி வடிகால் கூடாத வயலில் தண்ணீர் கசிவதுபோல், தந்துகிகளில் அழுத்தம் ஏறி நீர் காலில் கசிகிறது. அளவு 10 மில்லிகிராமானால் இது கூடும், பெண்களுக்கு இன்னும் கூடும். உடலிலிருந்து உப்பை இறைத்து இந்த வீக்கத்தை வற்றவைக்க முடியாது. மருத்துவர் செய்தது சரியான வழி: அம்லோடிபினைக் குறைத்தார், சிரைப்பக்கத்தையும் விரிக்கும் லோசார்டனைச் சேர்த்தார். லோசார்டன் பொட்டாசியத்தைச் சற்றுப் பிடித்து வைக்கும், ஹைட்ரோகுளோரோதையசைடு சற்று வெளியேற்றும். இரண்டும் இணையும்போது தராசு ஏறக்குறைய நேராக நிற்கும். முன்பு எடுத்த மருந்து வேறு, இப்போது எழுதியிருப்பது வேறு, எழுதிய நோக்கமும் வேறு என்று அம்மாவிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

யாங்கோன் மகள் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. தமனி, சிரை, வயல் என்று சொன்னதும் அம்மாவுக்கே புரிந்துவிட்டது. பிறந்து வளர்ந்தது பெகு பக்கத்து நெல்வயலில். இன்னும் ஓர் ஐயம். 12.5 மில்லிகிராம் எடுத்துக்கொண்ட முதல் வாரம் சிறுநீர் சற்று அதிகம் போனது. இப்போது பழையபடி ஆகிவிட்டது. மருந்து வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

மௌலமியான் ஓய்வுபெற்ற மருத்துவர் எழுதியது:

கூடாது. பலர் இந்த இடத்தில்தான் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். முதல் சில நாள்களில் உப்பும் நீரும் வெளியேறி இரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் நீரளவு குறைவதால் அழுத்தம் இறங்குகிறது. நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் உடல் புதிய சமநிலைக்கு வந்து, நீரளவு ஏறக்குறைய பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் அழுத்தம் திரும்ப ஏறுவதில்லை, ஏனெனில் அதற்குள் சிறு தமனிகளின் இறுக்கம் தளர்ந்திருக்கும். சிறுநீர் எத்தனை முறை போனது என்பதைக் கணக்கிடாமல், கையில் பட்டையைச் சுற்றி அழுத்தத்தை அளந்துதான் மருந்தின் வேலையைத் தீர்மானிக்க வேண்டும். முழுப் பயன் தெரியச் சில வாரங்கள் பொறுத்திருங்கள்.

பெகு கடைக்காரர் எழுதியது:

நான் மருந்துக்கடையில் பதினைந்து ஆண்டுகளாக வேலை பார்ப்பவன். மேலே உள்ளதைப் படித்து மனம் கனத்தது, ஏனென்றால் காலைப் பார்த்து அட்டையை எடுத்துக் கொடுக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கத்தான் செய்கிறது. கடைக்கு வருகிறவர்கள் நீர் மாத்திரை என்று மட்டும் சொல்லிக் கேட்கிறார்கள். வெள்ளையாக, சின்னதாக, நடுவில் கோடு போட்டிருக்கும் என்பார்கள். அந்த அடையாளத்தில் ஃபுரோசமைடும் இருக்கிறது, வேறு வகை நீர் மாத்திரையான ஸ்பைரோனோலாக்டோனும் இருக்கிறது, இரத்த அழுத்தத்துக்கே தொடர்பில்லாத வேறு மாத்திரைகளும் இருக்கின்றன. தயவுசெய்து பழைய அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். மாத்திரையைக் கத்தரித்து எடுக்கும்போது பெயர் இருக்கும் ஓரத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள்.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் வாங்கிப் போடுகிறவர்களில் பாதிப்பேர் அழுத்த மாத்திரையும் எடுப்பவர்களாக இருக்கிறார்கள். அந்த வலி மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கின்றன என்று படித்திருக்கிறேன். டாக்டர் ஐயா உறுதி செய்ய வேண்டும்.

மௌலமியான் ஓய்வுபெற்ற மருத்துவர் எழுதியது:

முற்றிலும் உண்மை. லோசார்டன் வகை, நீர் மாத்திரை, இந்த வலி மாத்திரை ஆகிய மூன்றும் ஒருவர் உடம்பில் ஒன்றாகச் சேர்ந்தால், அதுவும் வயிற்றுப்போக்கோ வெப்பமோ சேர்ந்துகொண்டால், சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கலாம். வலிக்குப் பாரசிட்டமால் போதுமா என்று முதலில் பாருங்கள்.

தாட்டோன் வாசகர் எழுதியது:

நான் மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆங்கில மருந்தாகிய நீர் மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று எங்கள் ஊரில் பலரும் சொல்கிறார்கள். என் மாமா இருபது ஆண்டு எடுத்துக் கடைசியில் சிறுநீரகம் பழுதாகித்தான் இறந்தார். வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம், பார்லிக் கஞ்சி என்று நம் முன்னோர் நீர் பிரிய வழி காட்டியிருக்கிறார்கள். நான் நெருஞ்சிலோடு அதிமதுரமும் சேர்த்துக் காய்ச்சிக் குடிக்கிறேன். இவற்றைக் கொண்டே அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளக் கூடாதா?

மௌலமியான் ஓய்வுபெற்ற மருத்துவர் எழுதியது:

மாமாவின் இழப்புக்கு என் வருத்தம். இருபது ஆண்டு உயர் அழுத்தமே சிறுநீரகத்தைச் சிதைக்கப் போதுமானது. அதைத் தடுக்கத்தான் மாத்திரை தரப்படுகிறது. எதைக் குறை சொல்வது என்று ஒருவரின் வாழ்க்கையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்பதனால்தான் ஆயிரக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள்.

அதற்கு முந்தைய நிலையையும் அறிந்துகொள்வது நல்லது. 1919-இல் வியன்னாவில் மேகநோய்க்கு (சிபிலிஸ்) ஊசியாகப் போட்ட ஒரு பாதரச மருந்தால் நோயாளிக்குச் சிறுநீர் மிகுதியாகப் போவதை ஒரு மருத்துவ மாணவர் கவனித்தார். அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீர் கோத்தவர்களுக்குப் பாதரச ஊசியே கதி. அதன் நச்சுத்தன்மையை நான் சொல்ல வேண்டியதில்லை. 1940-களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்பவர் உப்பில்லாத சோறும் பழமும் மட்டுமே கொடுத்துக் கடுமையான அழுத்தத்தைக் குறைத்துக் காட்டினார். உப்புக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவு அங்கே வெட்டவெளிச்சமானது, ஆனால் அந்த உணவில் நீடித்து வாழ மிகச் சிலராலேயே முடிந்தது. 1950-களின் இறுதியில் கார்ல் பேயரும் அவருடைய கூட்டாளிகளும் மெர்க் ஆய்வகத்தில் குளோரோதையசைடைக் கண்டுபிடித்தபோதுதான், வாயில் போட்டுக்கொள்ளும் ஒரு மாத்திரை அந்த வேலையைச் செய்யத் தொடங்கியது.

1967-இல் எட்வர்டு ஃப்ரீஸ் குழுவினர் கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். வெற்று மாத்திரை எடுத்த பிரிவில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு வந்தது, மருந்து எடுத்த பிரிவில் 2 பேருக்கு மட்டுமே வந்தது. அந்த மருந்துக் கூட்டில் ஹைட்ரோகுளோரோதையசைடு ஒன்று. மற்றொன்று நம் வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிந்த சர்ப்பகந்தியிலிருந்து எடுத்த ரிசர்பின். எனவே மூலிகை என்றாலே எனக்கு வெறுப்பு என்று எண்ண வேண்டாம். 1991-இல் வெளியான ஆய்வில், மேல் அழுத்தம் மட்டும் உயர்ந்த 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் குளோர்தாலிடோனை முதல் மருந்தாக வைத்துத் தொடங்கிய சிகிச்சை பக்கவாதத்தை 36 விழுக்காடு குறைத்தது. 2002-இல் 33,357 பேரை வைத்து நடத்திய பேராய்வில், விலை மலிந்த இதே மாத்திரை, புதிய விலையுயர்ந்த மருந்துகளுக்கு மாரடைப்பைத் தடுப்பதில் சற்றும் குறையவில்லை. இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் அவற்றை முந்தியும் நின்றது. நம்மைப் போன்றவர்கள் கைக்காசு போட்டு மருந்து வாங்கும் ஊரில், இந்த மலிவு எத்தனை குடும்பங்களைக் காக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வாழைத்தண்டைப் பொரியலாகச் சாப்பிடுவதில் எனக்குத் தடையில்லை. அதிமதுரத்தை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். அதிலுள்ள கிளிசிரைசின் என்னும் பொருள் சிறுநீரகத்தில் ஆல்டோஸ்டீரோன் மிகுந்ததுபோன்ற நிலையை உண்டாக்கும். உப்பைத் தேக்கும், அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நீர் மாத்திரை எடுப்பவர் அதைத் தொடர்ந்து குடித்தால் பொட்டாசியம் இரண்டு பக்கமும் கசியும்.

மாத்திரைக்குக் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. யூரிக் அமிலம் ஏறிக் கால் பெருவிரலில் கீல்வாதம் வரலாம். இரத்தச் சர்க்கரை சற்று உயரலாம். முதியவர்களுக்கு, குறிப்பாக மெலிந்த உடல்வாகுள்ள பெண்களுக்கு, சோடியம் இறங்கித் தலைசுற்றலும் குழப்பமும் வரலாம். இவை எல்லாம் குறைந்த அளவில் குறைவாகவே வரும், இரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே தெரிந்துவிடும். தொடங்கிய சில வாரத்துக்குள் ஒருமுறை சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றைப் பார்ப்பது அதற்காகத்தான்.

தாட்டோன் வாசகர் எழுதியது:

ஐயா, அதிமதுரம் பற்றி எனக்கு இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. டப்பாவை எடுத்து அப்புறப்படுத்திவிட்டேன். அடுத்த வாரம் அழுத்தத்தை அளந்து எழுதுகிறேன்.

டவுங்கூ மருமகள் எழுதியது:

என் மாமனாருக்கு இதயம் தளர்ந்துவிட்டது. ஃபுரோசமைடும் ஸ்பைரோனோலாக்டோனும் எடுக்கிறார். இரண்டாம் மாத்திரை ஆல்டோஸ்டீரோனைத் தடுத்துப் பொட்டாசியத்தைக் காப்பதால், அவருக்குப் பொட்டாசியம் மிகுந்த இளநீரும் வாழைப்பழமும் அளவோடுதான் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஒருவருக்கு மருந்தான இளநீர் மற்றவருக்கு ஆபத்தாகலாம் என்பதை இங்கே பதிகிறேன், ஏனென்றால் நீர் மாத்திரை எடுப்பவர் எல்லாரும் இளநீர் குடிக்கலாம் என்ற செய்தி கைப்பேசிகளில் சுற்றிவருகிறது.

நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் எடைத் தராசு. காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, காப்பி குடிக்கும் முன், அதே லுங்கியோடு தராசில் ஏறி நிற்பார்; சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியின் அன்றைய கட்டத்தில் பவுண்டுக் கணக்கை நான் பென்சிலால் எழுதுவேன். சென்ற மாதம் 131 என்று நின்றிருந்தது மூன்றே நாளில் 136 ஆனது. கால் வீங்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. ஆனாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். முதலில் கேட்ட கேள்வி, உப்பு குறைத்தீர்களா என்பதுதான். குறைத்துவிட்டோம் என்றேன், பொய்யில்லை. குழம்பில் உப்பே போடுவதில்லை. அப்புறம்தான் மாமனார் சொன்னார், நான் சந்தைக்குப் போயிருந்த மூன்று நாளும் பக்கத்து வீட்டார் கொடுத்த, உப்பிட்டு நொதித்த மீன் விழுதாகிய ஙப்பித் துவையலைச் சோற்றுக்கு வைத்துக்கொண்டாராம். காலையில் மொஹிங்கா என்னும் மீன் குழம்பு நூடுல்ஸ் வேறு.

மௌலமியான் ஓய்வுபெற்ற மருத்துவர் எழுதியது:

எழுதியதற்கு நன்றி, மகளே. ஒரு கணக்குச் சொல்கிறேன். உடலில் கூடும் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 கிராம் உப்பைத் தாங்கி நிற்கிறது. ஐந்து பவுண்டு என்பது இரண்டேகால் லிட்டர். அதற்கு 20 கிராம் உப்பு தேவை. மூன்று நாளில் அவ்வளவு உப்பை உள்ளே அனுப்ப ஙப்பிக்கும் கருவாட்டுக்கும் மீன் சாறுக்கும் அஜினோமோட்டோவுக்கும் முடியும். நம் பக்கத்து ஊறுகாயும் அப்பளமும் அவற்றுக்குச் சளைத்தவை அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது. உப்பு டப்பாவை மட்டும் எண்ணிக் கணக்குப் போட்டால் ஙப்பிப் பானையில் இருப்பது கணக்கில் வராது. ஙப்பியை அடியோடு விடச் சொன்னால் பர்மாவில் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதை அறிவேன். வாரத்துக்கு ஒரு நாள், ஒரு சிறு கரண்டி, அன்றைக்கு வேறு உப்பில்லை என்று நோயாளிகளிடம் பேசி முடிவு செய்வேன். அது ஓரளவு நடந்தது.

இதயத் தளர்ச்சி உள்ளவருக்கு மூன்று நாளில் இரண்டு கிலோ, அதாவது நாலரைப் பவுண்டு கூடினால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நீங்கள் செய்தது அதுவே.

யாங்கோன் மகள் எழுதியது:

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதம் பங்குனித் திருவிழா. அம்மா பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டிருக்கிறார். வெறும் வயிற்றில் விரதம், சுடும் தார்ச்சாலையில் ஊர்வலம். அதை அடுத்துத் திங்கியான் என்னும் பர்மியப் புத்தாண்டு வெயில். மாத்திரையை அன்று என்ன செய்வது?

மௌலமியான் ஓய்வுபெற்ற மருத்துவர் எழுதியது:

நேர்த்திக்கடனைத் தடுக்க எனக்கு மனமில்லை. வேர்வையில் உப்பும் நீரும் போகும் நாளில், வாயில் தண்ணீர் படாத நிலையில், லோசார்டனும் நீர் மாத்திரையும் சேர்ந்து அழுத்தத்தை வெகுவாக இறக்கிவிடக் கூடும். ஆகையால் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே அம்மாவை அவருடைய மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அன்றைய காலை மாத்திரைகளைத் தள்ளிவைக்கலாமா, எப்போது திரும்பத் தொடங்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாமாக நிறுத்துவதும் கூடாது, தெரியாமல் தொடர்வதும் கூடாது. தண்ணீர் குடிக்கும் விரதமாக வைத்துக்கொள்ள அம்மா இசைந்தால் மிக நன்று. வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்ட நாளிலும் இதே முறைதான். அதற்குள் பொட்டாசியம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

யாங்கோன் மகள் எழுதியது:

திங்கட்கிழமை இரத்தம் கொடுக்கிறோம். அம்மா தண்ணீர் குடிக்கச் சம்மதித்துவிட்டார். நேற்று மாலை செருப்பைக் கழற்றியபோது வார் பதிந்த தடம் இருந்தது, பள்ளம் இல்லை.